துபாஷி விழுங்கிய ஒரு சொல்

முன்னொரு காலத்தில், தூரத்தில் பாய்மரம் தெரிந்ததுமே எந்தத் தேசத்துக் கப்பல் என்று கரையில் வலை பின்னுகிறவர்கள் சொல்லிவிடும் அளவுக்குக் கடல் வணிகம் செழித்த ஒரு நாட்டைக் கடம்பவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல அரசர்தான். ஆனால் புதிதாக எது வந்து இறங்கினாலும் அது உடனே தமக்கு வேண்டும் என்பார். அரபுக் குதிரைகள் வந்த வருடம் மதியத் தூக்கத்தைக்கூடச் சேணத்தில் சாய்ந்தே தூங்கினார். சீனத்துப் பீங்கான் வந்த வருடம் கேழ்வரகுக் கூழையும் பீங்கானில்தான் குடித்தார். ஹாலிஸ் துரை என்ற ஆங்கில வணிகர் இரண்டு கப்பல்களோடு வந்த வருடம் அரசருக்கு ஆங்கிலத்தின்மேல் ஆசை வந்தது.

ஆசை கற்பதற்கு அல்ல, கேட்பதற்கு. துரையை எதிரில் உட்கார வைத்து, "பேசுங்கள்" என்பார். துரை பேசுவார். அரசர் நாகசுரம் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருப்பார். பொருள் சொல்வதற்கு அனந்தப்பர் என்ற துபாஷி இருந்தார். இரு மொழியும் அறிந்து இரு பக்கமும் பேசுகிறவரைத் துபாஷி என்பார்கள். அந்தச் சபையில் ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே அவர் சொன்னதுதான் ஆங்கிலம்.

ஒரு நாள் துரை வெகுநேரம் பேசினார். கையை ஆட்டினார், கடலைக் காட்டினார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் அனந்தப்பர், "துரை நலமாக இருக்கிறாராம்" என்றார்.

சபையின் ஓரத்தில் நின்றிருந்த வெண்காடன் தொண்டையைச் செருமினான். அவன் அரசரின் விகடகவி. நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"ஒரு சந்தேகம், துபாஷியாரே. துரை ஒரு குலை நுங்கு வெட்டிப் போட்டார். எங்கள் கைக்கு ஒரே ஒரு நுங்கு வந்திருக்கிறது. மீதியெல்லாம் யார் வயிற்றுக்குப் போயிற்று?"

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். அனந்தப்பர் முகம் கறுத்தது. துரை வந்த நாளிலிருந்து அரசர் தம் பக்கமே திரும்பியிருந்தது அவருக்குப் பெருமையாக இருந்தது. இப்போது ஒரு நொடியில் எல்லோரும் வெண்காடனைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள்.

"மகாராஜா, அறியாதவன் நகைப்பது எளிது" என்றார் அனந்தப்பர். "ஆங்கிலத்தில் வினைச்சொல் தனியாக வராது. தாங்கள் எழுந்தருளும்போது முன்னே கட்டியக்காரர்கள் வருவதுபோல, வினைக்கு முன்னே இரண்டு மூன்று சொற்கள் வரும். அவை வெறும் ஆடம்பரம். அவற்றைத் தள்ளிவிட்டுப் பொருளை மட்டும் சமர்ப்பிப்பதே அடியேன் தொழில். இதில் பிழை கண்டவர் அதை நிரூபிக்க வேண்டும். இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் துரையின் ஆற்றுவாய் ஒப்பந்தம் சபையில் வாசிக்கப்படவிருக்கிறது. அதற்குள் இவர் ஆங்கிலம் கற்று வந்து, என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையைக் காட்டட்டும். காட்டினால் என் பதவியை விட்டுவிடுகிறேன். காட்டாவிட்டால் இவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

பன்னிரண்டு நாளில் ஒரு மொழி. அரசருக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். வெண்காடா, உன் வாயிலிருந்து ஆங்கிலம் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்" என்றார்.

அரசர் சொல்லிவிட்டால் சொன்னதுதான். வெண்காடன் வீட்டுக்குப் போய் மனைவி செல்லாயியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"பன்னெண்டு நாள்ல படிச்சிருவீங்களா?"

"கஷ்டம்தான்."

"அப்போ உரலை யாருக்குக் குடுக்கறதுன்னு இப்பவே யோசிச்சு வைக்கிறேன். அதைத் தூக்கிக்கிட்டு நாடு நாடாப் போக முடியாது."

அன்றிரவு வெண்காடன் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டான்.

ஹாலிஸ் துரை ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த பெரிய வீடு ஒன்றில் தங்கியிருந்தார். அந்த ஆற்றுவாயைத்தான் அவர் கேட்டிருந்தார். இரு கரையிலும் பண்டகசாலை கட்டி, நடுவே இரும்புச் சங்கிலி போட்டு, வரும் போகும் கலங்களைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பதிலுக்கு அரசருக்கு ஆறு பீரங்கியும், மணிக்கு ஒரு முறை கூவும் பொம்மைக் கடிகாரமும் தருவதாகப் பேச்சு. அரசர் கடிகாரத்தில் மயங்கியிருந்தார்.

மறுநாள் காலை வெண்காடன் துரை வீட்டின் பின்பக்கம் போனான். அங்கே சமையல்காரன் சவரிமுத்து ஒரு கூடை வெங்காயத்தின் முன் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தான். ஆற்றுவாய்க் குப்பத்துக்காரன், முப்பது வயதிருக்கும். முன்பு ஆங்கிலக் கப்பல்களில் ஆறு வருடம் அடுப்பூதியவன்.

"தம்பி, வெங்காயம் உரிக்க ஆள் வேணுமா? கூலி வேண்டாம். உரிக்கிற நேரத்துல நாலு இங்கிலீசு வார்த்தை சொல்லிக்குடு. போதும்."

சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தான். "நீங்க அரமனைல விகடம் பண்றவருல்ல? வாங்கய்யா. வெங்காயம் உரிச்சா யாரா இருந்தாலும் எனக்கு உறவுதான்."

முதல் மூன்று நாள் வெண்காடன் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டான். கத்தி, கரண்டி, கோழி, கதவு. நான்காம் நாள் காலையில் பாதி மறந்துவிட்டிருந்தது. கதவைக் கோழி என்றும் கோழியைக் கரண்டி என்றும் சொன்னான். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது ஆகுற காரியமில்லை, தம்பி" என்றான்.

சவரிமுத்து சிரித்தான். "எனக்கு ஆன கதையைக் கேளுங்கய்யா. கப்பல்ல சேர்ந்த புதுசு. மாலுமித் துரை ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, 'ஐ ஹார்ட்லி எவர் ஈட் சில்லீஸ்'னாரு. சில்லீஸ்னா மிளகாய், ஈட்னா சாப்பிடறது, அது தெரியும். ஹார்ட்னா கெட்டி. எவர்னா எப்பவும். சரி, மனுசன் மிளகாயை எப்பவும் கெட்டியா சாப்பிடறவர் போலன்னு நெனச்சு, குழம்புல அள்ளிப் போட்டேன். ஒரு வாய் வச்சாரு. மூஞ்சி செவந்து போச்சு. தட்டைத் தூக்கி என் மேலயே வீசிட்டாரு. மூணு நாள் அதையேதான் செஞ்சேன். மூணு நாளும் தட்டு பறந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் ஒரு கிழட்டு மாலுமி சொன்னான். ஹார்ட்லியும் எவரும் சேர்ந்து நின்னா 'சாப்பிடறதே அபூர்வம்'னு அர்த்தமாம். தனித்தனியா பார்த்தா ஒண்ணு, ஜோடியா வந்தா வேற ஒண்ணு. சாப்பிடறதுங்கற வார்த்தை அங்கேயே அப்பாவியா நிக்குது. அதுக்கு முன்னால நிக்குற ரெண்டு பேரும் கூடிப் பேசி அதைத் தலைகீழாக் கவுத்துட்டாங்க."

வெண்காடன் வெங்காயத்தை மறந்தான். துபாஷி சபையில் சொன்னது அவன் நினைவுக்கு வந்தது. முன்னே நிற்பவை வெறும் ஆடம்பரம் என்றாரே.

அவன் யோசித்தான். பொய் சொல்ல நினைக்கிறவன் எங்கே சொல்வான்? படகு, ஆறு, பீரங்கி இவற்றில் பொய் சொன்னால் விரல் நீட்டிக் காட்டிவிடலாம். திறப்பது, மூடுவது என்பதில் பொய் சொன்னால் செய்து காட்டிவிடலாம். வினைக்கு முன்னால் நிற்கும் அந்தக் குட்டிச் சொற்களைத்தான் யாராலும் தொட்டுக் காட்ட முடியாது. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

"தம்பி, கோழியும் கரண்டியும் போகட்டும். அந்த முன்னால நிக்கிறவங்களை மட்டும் எனக்குச் சொல்லிக்குடு."

அன்று முதல் இருவரும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து காது கொடுத்தார்கள். துரை வீட்டில் நாள் முழுக்கப் பேச்சு இருந்தது. ஆல்வேஸ் என்றால் எப்போதும். ஆஃபன் என்றால் அடிக்கடி. நெவர் என்றால் ஒருபோதும் இல்லை. ஸ்டில் நெவர் என்று சேர்ந்து வந்தால் இன்னமும்கூட இல்லை. துரை தம் எழுத்தரைத் திட்டும்போது ஆல்வேஸ் ஜஸ்ட் என்று சேர்த்துச் சொன்னார். அதற்கு 'எப்பப் பார்த்தாலும் சும்மா' என்று சவரிமுத்து பொருள் சொன்னான். யார் முன்னே, யார் பின்னே என்பதற்கும் முறை இருந்தது. ஒரு முறை வெண்காடன் மாற்றிச் சொன்னதைக் கேட்டு, வாசலில் நின்ற ஆங்கிலக் காவலாளி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தான்.

ஆல்மோஸ்ட் என்ற சொல் மட்டும் வெண்காடனுக்குப் பிடிபடவில்லை.

"வெங்காயம் முடிஞ்சுதாய்யா?" என்று ஒரு நாள் சவரிமுத்து கேட்டான்.

"முடிஞ்சுது."

சவரிமுத்து குனிந்து, அடுப்பு மேடைக்கு அடியில் உருண்டு கிடந்த ஒரு வெங்காயத்தை எடுத்து நீட்டினான். "முடியலை. இதோ இதுதான் ஆல்மோஸ்ட். எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கும். ஒண்ணு மட்டும் எங்கயாவது கெடக்கும்."

வெண்காடன் அந்த வெங்காயத்தை வாங்கிக் கையில் உருட்டினான். "ஆல்மோஸ்ட் போயி நெவருக்கு முன்னால நின்னா?"

"ஒருக்காலும் இல்லைங்கற மாதிரி இருக்கும். ஆனா எப்பவாவது ஒரு தடவை உண்டு." சவரிமுத்து கத்தியைக் கீழே வைத்தான். "ஏன்யா கேக்கறீங்க? ஒப்பந்தத்துல ஏதாவது இருக்கா? ஆத்துவாயை அடைச்சா எங்க குப்பத்துப் படகு கடலுக்குப் போக வேற வழி கெடையாது. என் அண்ணன் தம்பி மூணு பேரும் அதுலதான் பொழைக்கிறாங்க."

"என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. அன்னிக்கு நீயும் வருவியா?"

"துரைக்குச் சாப்பாட்டுக் கூடை எடுத்துட்டு வருவேன்."

"அது போதும்."

பன்னிரண்டாம் நாள் சபை நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் பொம்மைக் கடிகாரம் பட்டுத்துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஹாலிஸ் துரை ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாக வாசிக்க, அனந்தப்பர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். வெண்காடன் கண்ணை மூடி நின்றான். பாதிக்கு மேல் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் ஏழு வரி போயிற்று. அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது. அனந்தப்பர் அவனைக் கடைக்கண்ணால் பார்த்துப் புன்னகை செய்தார்.

எட்டாவது வரியைத் துரை வாசித்தார். அனந்தப்பர் உரத்த குரலில், "அரசரின் குடிகள் ஏறிய படகுகளுக்கு ஆற்றுவாயை ஒருபோதும் மூடமாட்டோம்" என்றார்.

வெண்காடன் கண்ணைத் திறந்தான். "அரசே, அந்த வரியைத் துரை இன்னொரு முறை வாசிக்கத் தாங்கள் பணிக்க வேண்டும்."

துரை மறுபடி வாசித்தார். 'ஷல் ஆல்மோஸ்ட் நெவர் க்ளோஸ்.'

"துபாஷியாரே, க்ளோஸ் என்றால்?"

"மூடுதல்."

"நெவர்?"

"ஒருபோதும் இல்லை."

"அதற்கு முன்னே ஆல்மோஸ்ட் என்று ஒருவர் நிற்கிறாரே, அவர் யார்?"

அனந்தப்பரின் புன்னகை ஒரு கணம் நின்று பிறகு திரும்பியது. "அது அலங்காரச் சொல். நாம் பெயருக்கு முன் ஸ்ரீ சேர்ப்பதில்லையா? ஆங்கிலேயர் வினைக்கு முன் அதைச் சேர்ப்பார்கள். தனியாகப் பொருள் ஏதும் கிடையாது."

துரைக்குத் தமிழ் தெரியாது. சபையில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. சவரிமுத்து கூடையோடு வெளியே முற்றத்தில்தான் நின்றான்; வந்து சொன்னாலும் சமையல்காரன் சொல்தான். வெண்காடன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னால், பன்னிரண்டு நாள் வெங்காயம் உரித்தவன் சொல்லுக்கும் இருபது வருடத் துபாஷி சொல்லுக்கும்தான் வழக்கு. யார் ஜெயிப்பார் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் தலைகுனிந்தான். "அப்படியானால் பிழை ஏதும் இல்லை, அரசே. துபாஷியாரின் புலமையை நான் சந்தேகித்தது தவறு. நாளைக் காலையே புறப்படுகிறேன். போவதற்கு முன் அவருக்கு ஒரு மரியாதை செய்ய அனுமதி வேண்டும். யானை தாண்டினால் கண்ணேறு கழியும் என்பது நம் நாட்டு நம்பிக்கை. இவ்வளவு புலமை உள்ளவருக்கு எத்தனை கண் பட்டிருக்குமோ. நம் பட்டத்து யானை கார்மேகம் இவரைத் தாண்டட்டும்."

அரசருக்கு வெண்காடனை இழப்பதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் சம்மதித்தார். எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். பாகன் கார்மேகத்தை நடத்திவந்து நிறுத்தினான். தரையில் கம்பளம் விரித்தார்கள். மாலையும் கழுத்துமாக அனந்தப்பர் வந்து, கம்பளத்தில் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தார்.

"பாகா, இந்த யானை ஆளை மிதிக்குமா?" என்று வெண்காடன் கேட்டான்.

"மிதிக்காதுங்க சாமி. பச்சைப் புள்ள மாதிரி. ஒரே ஒரு தடவைதான்..."

"போதும், போதும். துபாஷியாருக்கு ஆங்கிலத்தில் சொன்னால்தான் அழகு." வெண்காடன் அனந்தப்பர் பக்கம் குனிந்தான். "துபாஷியாரே, கார்மேகம் ஆளை ஆல்மோஸ்ட் நெவர் மிதிக்கும். நிம்மதியாகப் படுங்கள்."

அனந்தப்பர் படுக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். யானையின் முன்னங்காலைப் பார்த்தார். "பாகா, அந்த ஒரு தடவை என்ன ஆயிற்று?"

"ஏன் கேட்கிறீர்கள்?" என்றான் வெண்காடன். "ஒருபோதும் மிதிக்காது என்றுதானே சொன்னேன். முன்னால் ஓர் அலங்காரம் சேர்த்தேன், அவ்வளவுதான்."

"எனக்கு அலங்காரம் வேண்டாம். வெறும் நெவர் என்று சொல். ஆல்மோஸ்ட்டை எடுத்துவிட்டுப் பாகன் சத்தியம் செய்யட்டும், படுக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. முற்றத்தில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கார்மேகம் மட்டும் காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

அரசர் படியிறங்கி வந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அனந்தப்பரே, உம் ஒருவர் நெஞ்சுக்கு வேண்டாத அந்தச் சொல்லை, என் குடிகள் எல்லோருடைய வயிற்றின் மேலும் வைத்தீரே. துரை எப்போதெல்லாம் ஆற்றுவாயை மூடுவார்?"

அனந்தப்பர் கழுத்து மாலையைக் கழற்றிக் கம்பளத்தில் வைத்தார். வெண்காடன் கூட்டத்தைப் பார்த்துக் கை காட்டினான். "அரசே, இங்கிருக்கும் இன்னொருவருக்கும் ஆங்கிலம் தெரியும். நான் கற்றதெல்லாம் அவரிடம்தான்."

சாப்பாட்டுக் கூடையோடு ஓரத்தில் நின்ற சவரிமுத்து முன்னே வந்தான். இனி துரை வீட்டு அடுப்பு தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. இருந்தாலும் அரசரின் கேள்வியை அப்படியே துரையிடம் கேட்டான். துரை தம் சமையல்காரனை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

"தை மாசத்துல இருந்து மூணு மாசம், அவர் கப்பலையெல்லாம் உள்ள வச்சு மராமத்து பார்க்கும்போது மட்டும் மூடுவாராம் மகாராசா. வருசத்துல மீதி நாளெல்லாம் தொறந்துதான் இருக்குமாம். அதனாலதான் அந்த வார்த்தையைப் போட்டாராம். ஒளிக்கணும்னு போடலையாம். ஒப்பந்தம் முடிஞ்சா ஆத்துவாய் அதிகாரம் தனக்கு வேணும்னு துபாஷியார் கேட்டதால, அவர் உங்ககிட்ட எல்லாத்தையும் வெளக்கிச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சாராம்." சவரிமுத்து மூச்சு வாங்கினான். "இனி நான் சொல்றது அவர் சொன்னதில்லை. அந்த மூணு மாசந்தான் எங்களுக்கு மீன் படுற காலம். மத்த ஒம்பது மாசமும் அதை வச்சுத்தான் சாப்பிடறோம்."

அரசர் ஆற்றுவாய் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த ஒரு சொல்லை அடித்தால் ஒப்பந்தம் உண்டு. இல்லையென்றால் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்."

சவரிமுத்து சொன்னான். துரை தாடையைத் தடவினார். பின்பு பேனாவை வாங்கி, ஆல்மோஸ்ட் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, கையெழுத்திட்டார். முற்றத்தில் எழுந்த ஆரவாரத்தில் கார்மேகம் ஓரடி பின்வாங்கியது. அனந்தப்பர் கம்பளத்தை விட்டுத் துள்ளி எழுந்தார்.

அவருடைய துபாஷிப் பதவிக்கான முத்திரை மோதிரத்தை அரசர் அங்கேயே வாங்கிச் சவரிமுத்துவின் கையில் போட்டார். அனந்தப்பர் கேட்ட ஆற்றுவாயையும் அவருக்குத் தந்தார். இனி அனந்தப்பர் குப்பத்தில் ஒரு குடிசையில் தங்கி, எத்தனை படகுகள் கடலுக்குப் போயின என்று நாள்தோறும் கரையில் நின்று பார்த்து, சபைக்கு வந்து சொல்லவேண்டும். சொல்லும்போது ஒரு சொல்கூட விடக்கூடாது.

பிறகு அரசர் வெண்காடன் பக்கம் திரும்பினார். "வெண்காடா, உன்னை இழக்க இருந்தேன். இந்தச் சபையறியச் சொல்கிறேன். இனி ஒருபோதும் உன்மேல் கோபம் கொள்ளமாட்டேன்."

வெண்காடன் கைகூப்பினான். "அரசே, அதில் ஓர் 'அநேகமாக' சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் நம்பிக்கை வருகிறது."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். மார்பில் கிடந்த இரட்டைவட முத்துமாலை குலுங்கும்படி சிரித்து, அதையே கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஹாலிஸ் துரை புதிய துபாஷியிடம் கேட்டார். சவரிமுத்து ஒரு சொல்லும் விடாமல் எடுத்துச் சொல்ல, துரையும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார்.